சிதம்பரம் கோபுர வாசலில் குழந்தைகளோடு செய்யக்கூடாதவை

குழந்தைகளோடு சிதம்பரம் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கிழக்குக் கோபுரத்தை வெறும் வாசலாக நினைப்பது. செருப்பை விட்டு, பூ வாங்கி, "சீக்கிரம் வா, கூட்டம் சேர்ந்துடும்" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு சன்னதிக்கு ஓடிவிடுகிறோம். நாட்டிய மியூசியத்தில் இருக்க வேண்டியதெல்லாம் அந்த வாசலின் இருபுறச் சுவர்களிலேயே இருக்கிறது: நாட்டிய சாஸ்திரம் என்ற பழைய நடன நூல் சொல்லும் 108 கரணங்களும், அதாவது நடன அசைவுகளும், பெண் உருவங்களாக, ஒன்றன்மேல் ஒன்றாக. கூடவே அவற்றுக்கான சுலோகங்கள் கிரந்த எழுத்தில். நானும் இரண்டு முறை பார்க்காமல் கடந்தவன்தான்.

பார்த்துவிட்டால் அடுத்த தவறு தொடங்கும்: 108-ஐயும் காட்டியே தீர வேண்டும் என்ற வெறி. பத்தைப் பார்ப்பதற்குள் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும். இரண்டு மூன்றைத் தேடிப் பிடிக்கச் சொன்னால் போதும். விருச்சிகம் என்றால் தேள். பின்னால் தூக்கிய கால் கொடுக்கு மாதிரி வளைந்திருக்கும். லலாட திலகத்தில் கால்விரல் பொட்டு வைப்பதுபோல் நெற்றிவரை போகும். (அதை அங்கேயே செய்துபார்க்க விடாதீர்கள், கருங்கல் தரை.)

"இதெல்லாம் பரதநாட்டிய போஸ்" என்று ஒரே வரியில் முடிப்பதுதான் எனக்கு உறுத்தும். கரணம் அசையாமல் நிற்கும் நிலை அல்ல. கையும் காலும் இசைந்து அசைவது. அதில் ஒரு கணத்தைத்தான் சிற்பி கல்லில் பிடித்திருக்கிறார். "இதுக்கு முன்னாடி கால் எங்க இருந்திருக்கும்? அடுத்து எங்க போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். என் அக்கா மகள் வாயால் பதில் சொல்லவில்லை, குதித்தே காட்டினாள்.

நேரம்? காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், வெறுங்காலில் பிரகாரக் கல்லும் சுடும்.

அப்புறம், "தஞ்சாவூர்லயும் இருக்கு, நாளைக்குக் காட்டறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பெரிய கோயிலில் 81 கரணங்கள் இருப்பது உண்மை. அங்கே ஆடுபவர் சிவனே. மீதி 27-க்கான கற்கள் செதுக்கப்படாமல் வெறுமையாக நிற்கின்றன. ஆனால் எல்லாம் விமானத்தின் மேல்தளத்தில், உள்சுற்றில். பொதுமக்களை அங்கே விடுவதில்லை. இது தெரியாமல் வாக்குக் கொடுத்த நான், கீழே நின்று விமானத்தைக் கைகாட்டிச் சமாளித்துப் பார்த்தேன். கடைசியில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டியதாயிற்று.