மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பின் சைனஸைக் காக்கும் முறை

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் வசிக்கும் என் அம்மா மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட மறுநாள், கொப்பளித்த உப்புநீர் அவருடைய இடது மூக்கின் வழியே சொட்டியது. பல் இருந்த குழிக்கும் அதன் மேலிருக்கும் சைனஸுக்கும் இடையே திறப்பு விழுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

மேல்தாடைச் சைனஸ் என்பது கன்னத்துக்குப் பின்னால் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை. 1651-இல் ஆங்கிலேய மருத்துவர் நத்தானியல் ஹைமோர் இதை விரிவாக விவரித்தார். பெரியவர்களுக்கு இது சுமார் 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு கொள்ளும். இதன் தரைக்கும் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கும் நடுவில் சிலருக்கு எலும்பே இராது. மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கும்.

முதல் வேலை, பல்லைப் பிடுங்கும் முன்பே தொடங்குகிறது. சைனஸ் தொல்லை இருந்தால் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரியும் சைனஸ் தரைக்கு வேர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்றும் கேளுங்கள். சளி பிடித்திருக்கும்போது மேல் பற்கள் பலவும் ஒன்றாக வலித்து, குனிந்தால் வலி கூடுமானால், அது சைனஸ் வலியாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்.

பிடுங்கிய அன்று, கொடுத்த பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் திறப்பை அடைக்கும் கதவு. அதை விரலாலோ நாக்காலோ தொடாதீர்கள்.

அடுத்த இரண்டு வாரம் மூக்கிலும் வாயிலும் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வதே முக்கியமான வேலை. மூக்கைச் சிந்தாமல் துடையுங்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். பலர் தவறுவது உறிஞ்சுவதில்தான். கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் ஐஸ் தேநீரை ஸ்ட்ராவால் இழுக்கும்போது, அதே இழுவை இரத்தக்கட்டியையும் பெயர்த்துவிடக்கூடும். ஆகவே குவளையில் ஊற்றிக் குடியுங்கள். பலூன் ஊதுவதும், நாதஸ்வரமோ சங்கோ ஊதுவதும் வேண்டாம். கோயில் திருவிழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நாள் குறிப்பது நல்லது. சிகரெட் உறிஞ்சுதலோடு புண் ஆறுவதையும் கெடுக்கும். விமானப் பயணம் இருந்தால் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, துப்பாமல் தானாக வழியவிடுங்கள்.

குடித்தது மூக்கில் வந்தாலும், குழியில் குமிழி எழுந்தாலும், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி ஒழுகினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். சிறிய திறப்பு அதனாலேயே பெரிதாகும். 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த திறப்பு பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பெரியதைத் தைத்து மூட வேண்டும். நாள் கடந்தால் திறப்பின் உட்பக்கம் தோல் படர்ந்து நிலையான குழாயாகிவிடும், சைனஸிலும் கிருமி தொற்றும்.

அம்மாவை அன்றே அழைத்துச் சென்றதால், கன்னப் பக்க ஈறை இழுத்து மூடித் தைத்தார்கள். தையல் பிரிக்கும் நாள்வரை அவர் மூக்கை ஒருமுறைகூடச் சிந்தவில்லை.