முதல் வாடகை வீடு: விருந்தாளியைப் போலக் குடியேறுவதால் நேரும் தவறுகள்

வேலைக்காகச் சென்னைக்கு வந்து, சில மாதங்கள் மேன்ஷனிலோ விடுதியிலோ தங்கிவிட்டு, தம் பெயரில் முதன்முதலாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கூச்சத்தினால் வருகின்றன. பெற்றோர் வீட்டில் குழாய் ஒழுகினால் அப்பா பார்த்துக்கொண்டார். விடுதியில் வார்டனிடம் சொன்னால் போதும். அந்தப் பழக்கத்தோடு புதிய வீட்டுக்கும் விருந்தாளியைப் போலவே நுழைகிறோம். விருந்துக்குப் போன இடத்தில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பது மரியாதையாகாது என்பது உண்மைதான். ஆனால் மாதந்தோறும் வாடகை கொடுத்து வாழப்போகும் இடத்தில் அதைத் திறந்து பார்க்காமல் விடுவது, பிறகு பல மாதங்கள் வருந்தவைக்கும். என் முதல் வீட்டில் நான் எதைக் கேட்டாலும் வீட்டுக்காரர், "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி, நீங்க முதல்ல பால் காய்ச்சுங்க" என்பார். நானும் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டிய ஒவ்வொன்றும் பிற்பாடு செலவாக வந்து நின்றது.

முதல் தவறு, அலுவலகம் முடிந்த பிறகு இரவு ஏழு மணிக்கு வீடு பார்ப்பது. அந்த நேரத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள மேல்தள வீடு பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவு வெகுநேரம் வரை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும் என்பதும், மேற்குப் பார்த்த படுக்கையறையில் அக்னி நட்சத்திரக் காலத்தில் மின்விசிறி அனல் காற்றைத்தான் தரும் என்பதும் டிசம்பர் மாதத்து மாலையில் தெரியாது. எனவே ஒரே வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். முடிந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சுவரின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையைப் பொறுத்தவரை வீட்டைவிட முக்கியமானது அதன் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, லாரித் தண்ணீருக்காக மக்கள் நள்ளிரவிலும் குடத்தோடு காத்திருந்தார்கள். அதே நகரத்தில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஆகவே "தண்ணி வருமா?" என்ற ஒற்றைக் கேள்வி போதாது. வருவது மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா. கோடையில் லாரி வாங்கினால் அந்தச் செலவை யார் ஏற்பது. மோட்டாரை யார், எந்த நேரத்தில் போடுகிறார்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இவற்றை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடத் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும், எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடமும் கேட்பது பயன் தரும். மழை நீர் எந்தப் படிவரை ஏறியது என்பதை அவர்கள் விரல் நீட்டியே காட்டுவார்கள்.

தண்ணீரின் தரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வீடு பார்க்கப் போகும்போது ஒரு கண்ணாடிப் புட்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து, மூடாமல் மறுநாள் காலைவரை வைத்துப் பாருங்கள். பிடிக்கும்போது பளிங்குபோல் தெளிவாக இருந்த போர் தண்ணீர் விடிவதற்குள் மஞ்சளாகிப் புட்டியின் அடியில் துருநிறத்தில் படிந்தால், அதில் இரும்புச்சத்து மிகுந்திருக்கிறது என்று பொருள். நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. வெள்ளைச் சட்டைகள், வாஷிங் மெஷின், குளியலறைத் தரை எல்லாம் ஓராண்டில் எந்த நிறமாகும் என்பதை அந்தப் புட்டியே சொல்லிவிடும். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் அது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகத் தாமதமாகும்.

அடுத்தது காகித வேலை. பலரும் ஒரு முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல்கூட வாங்காமல் வந்துவிடுகிறார்கள். பதினொரு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது: 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அதைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் அது எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அந்தச் சட்டம் வரம்பாகச் சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். இன்றும் ஐந்தாறு மாத வாடகையைச் சாதாரணமாகக் கேட்கிறார்கள் என்பதால், சட்டம் இப்படிச் சொல்கிறது என்பதையாவது அறிந்து பேச்சுக்கு உட்கார வேண்டும். நயமாக எடுத்துச் சொன்னால் குறைத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன், வாங்குபவர் உண்மையான உரிமையாளர்தானா என்று பார்க்காமல் விடுவதும் பெருந்தவறு. சொத்து வரி ரசீதிலும் மின் இணைப்பிலும் உள்ள பெயரை ஒப்பிட்டுப் பார்த்தாலே, தானே வாடகைக்கு இருந்துகொண்டு உள்வாடகைக்கு விடுபவர் யார் என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். காலி செய்வதற்கு எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், ஆண்டுக்கு எவ்வளவு வாடகை கூடும், பெயிண்டிங் செலவு யாருடையது ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

பெயிண்டிங் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான் குடியேறிய நாளன்றே அந்த வீட்டின் சமையலறைச் சுவரில், சிங்க்குக்கு மேலே, ஒரு முறம் அகலத்துக்கு ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உப்பியிருந்தது. விரலால் தொட்டால் மாவாக உதிரும். காலண்டரை மாட்டி அதை மறைத்தேன். இரண்டாண்டு கழித்துக் காலி செய்தபோது, அந்தச் சுவரை நான்தான் பாழாக்கினேன் என்று சொல்லி ஒன்றரை மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். மறுப்பதற்கு என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. சாவி கைக்கு வந்த அன்று, சாமான்களை ஏற்றுவதற்கு முன், ஒவ்வோர் அறையின் நான்கு சுவர்களையும், கதவின் அடிப்பகுதியையும், ஜன்னல் கொக்கிகளையும், குழாய்களையும், கழிவறைப் பீங்கானையும் கைப்பேசியில் படமெடுத்து, அன்று மாலையே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "வீட்டை இந்த நிலையில் பெற்றுக்கொண்டேன், நன்றி" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதில் சண்டைக்கான தொனி எதுவும் இல்லை. இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று வீடு தேடும் தம்பி தங்கைகள் எல்லோரிடமும் நான் வற்புறுத்துகிறேன்.

அதே படங்களோடு மின் மீட்டரில் ஓடும் எண்ணும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள் என்பதால், நடுவில் குடியேறுபவர் முந்தைய குடித்தனக்காரர் எரித்த மின்சாரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேரிடும். மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, பழைய பாக்கி ஏதும் உண்டா என்று மின்வாரிய இணையத்தளத்தில் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தனி இணைப்பா, வீட்டுக்காரர் தம் இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கும் சப் மீட்டரா என்பதும் முக்கியம். 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைத்தாலும், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில் அந்தச் சலுகை குடியிருப்பவரை எட்டுவதில்லை. தனி இணைப்பு உள்ளவர்கள் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று நின்றுவிடாமல், கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த விலையும் போய்விடுகிறது. ஏசி வாங்கிய முதல் கோடையில் பலர் திகைப்பது இதனால்தான்.

மின்சாரத்தில் செலவைவிட உயிர் பெரிது. ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, அதிக வாட் அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றுக்குப் பெரிய துளைகளுள்ள 15 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். அது இல்லாத சமையலறையில், எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து ஒரே இடத்தில் மூன்றையும் செருகுவது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். மெயின் பெட்டியில் 'டி' (T) என்று எழுதிய சிறு பொத்தான் உள்ள, மின்கசிவைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் சட்டென்று மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், பக்கெட்டில் ராடு போட்டு வெந்நீர் வைக்கும் எண்ணத்தையே கைவிட்டு, உடனே எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். வயரிங்கும் சுவருக்குள் ஓடும் குழாய்களும் வீட்டுக்காரரின் பொறுப்பு, குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவரின் பொறுப்பு என்று மேற்சொன்ன சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. ஆகவே வயரிங் பழுதைச் சொல்லத் தயங்கத் தேவையில்லை.

சமையல் எரிவாயுவில் காட்டும் அலட்சியமும் இதைப் போன்றதே. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பழைய அடுப்போடு பழைய ரப்பர் குழாயும் வந்து சேரும். அந்தக் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. சிலிண்டரின் கழுத்தருகே கைப்பிடியைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம், ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். 'பி 29' என்றிருந்தால் அந்தச் சிலிண்டரை 2029 ஜூனுக்குள் மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். காலம் கடந்த சிலிண்டரைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். எரிவாயு காற்றைவிடக் கனமானதால் தரையோடு படரும். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

பொருள் வாங்குவதில் உள்ள அவசரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டில், சோபா, பெரிய டிவி என்று முதல் மாதமே தவணையில் எடுத்துவிட்டு, அடுத்த வீட்டின் மாடிப்படியில் அந்தச் சோபா ஏறாமல் நின்றவர்கள் பலர். ஒரு பாய், ஒரு தோசைக்கல், மூன்று லிட்டர் குக்கர், இரண்டு பக்கெட் ஆகியவற்றோடு ஒரு மாதம் இருந்து பார்த்தால், வீடு தனக்கு வேண்டியதைத் தானே கேட்கும். மளிகையிலும் இதே கதைதான். குடும்பத்துக்கு வாங்கும் கணக்கில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை இறக்கிவிட்டு, வாரத்துக்கு நான்கு வேளை மட்டும் சமைப்பவருடைய வீட்டில் இரண்டாம் மாதம் வண்டுகள்தாம் குடியிருக்கும். ஐந்து கிலோவாக வாங்கி, டப்பாவில் நான்கு காய்ந்த மிளகாயைப் போட்டு வையுங்கள்.

முகவரி மாற்றத்தை இளையவர்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். வங்கியும் ஆதாரும் ஒருபுறமிருக்க, வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்கான படிவம் 8-ஐ நிரப்பிக் கொடுக்காவிட்டால் ஊரில் பெயர் நீங்கி, இங்கும் சேராமல் போகலாம்.

கடைசியாக, அக்கம்பக்கத்தாரோடு பேசாமலே வாழ்ந்துவிடலாம் என்ற எண்ணம். ஒரு நாள் காலை குளியலறைக் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. அவசரத்தில் மூடாமலே அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். பதினொரு மணிக்கு யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். வாளி நிரம்பி, குளியலறை நிரம்பி, கூடத்தில் பாய் மிதந்து, மாடிப்படி வழியாகக் கீழ்வீட்டு வாசல்வரை தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்தக் கட்டடத்தில் ஐந்து குடும்பங்கள். ஒருவரிடமும் என் எண் இல்லை. கீழ்வீட்டு அம்மாதான் மொட்டைமாடிக்கு ஏறி, என் வீட்டுக்குப் போகும் வால்வைத் தேடிப்பிடித்து அடைத்திருக்கிறார். மாலையில் நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, "எட்டு மாசமா மேல இருக்கீங்க, உங்க பேரு என்னன்னே தெரியலையே தம்பி, யாருக்குப் போன் பண்றது?" என்றார். அன்றிரவே என் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கதவின் உட்புறம், பால்காரர் எண்ணுக்குக் கீழே ஒட்டினார். மாற்றுச் சாவி ஒன்றையும் வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிக்கொண்டார்.