எடிட்டரில் ‘பகிர்’ பெட்டி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் எடிட்டரில் ‘ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் பகிர்’ என்று ஒரு டிக் பெட்டி வைப்பது பெரிய வேலையில்லை. எந்தக் கணத்தில் பகிர்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

‘பப்ளிஷ்_போஸ்ட்’ ஹூக்கில் (குறிப்பிட்ட கணத்தில் நம் நிரலை ஓடவைக்கும் கொக்கி) பகிர்வைக் கோத்தால், வெளியான பதிவில் ஒற்றுப்பிழை திருத்தி ‘அப்டேட்’ அழுத்தும்போதும் அது ஓடும். ஒரே செய்தி மூன்று முறை போய் நிற்கும். ‘டிரான்சிஷன்_போஸ்ட்_ஸ்டேட்டஸ்’ ஹூக் பதிவின் பழைய நிலையையும் (வரைவா, வெளியானதா) தரும் என்பதால் அதற்கு மாறுவார்கள். பிளாக் எடிட்டரில் அதுவோ சிறப்புப் படமும் பிரிவுகளும் சேமிக்கப்படும் முன்பே ஓடிவிடும், பகிர்வு படமில்லாமல் போகும். வேர்ட்பிரஸ் 5.6 பதிப்பில் வந்த ‘டபிள்யூபி_ஆஃப்டர்_இன்செர்ட்_போஸ்ட்’ எல்லாம் சேமித்தபின் ஓடுவது. பதிவின் முந்தைய வடிவத்தையும் கையில் தரும். இங்கும் ஒரு பள்ளம் உண்டு. டிக் பெட்டி பழைய பாணி மெட்டா பாக்ஸாக (எடிட்டரோடு ஒட்டவைக்கும் கூடுதல் பெட்டி) இருந்தால் அதன் மதிப்பு தனியாக, சர்வருக்குப் போகும் இரண்டாவது கோரிக்கையில்தான் வரும். ஆகவே அதை ரெஸ்ட் ஏபிஐயில் (எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி) தெரியும் மெட்டாவாக, அதாவது பதிவோடு சேரும் கூடுதல் தகவலாக, பதிவுசெய்யுங்கள். வரைவுக்குத் திருப்பி மீண்டும் வெளியிடுபவர்களும் இருப்பார்கள். ‘பகிர்ந்தாயிற்று’ என்ற குறியையும் எழுதிவையுங்கள்.

சேமிக்கும் கோரிக்கைக்குள்ளேயே ஃபேஸ்புக்கை அழைக்காதீர்கள். அங்கே தாமதமானால் எடிட்டர் இங்கே உறைந்து நிற்கும். வரிசையில் போட்டு ஓரிரு நிமிடம் கழித்து அனுப்புங்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வேர்ட்பிரஸ் கிரான், யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும். வருகை குறைந்த தளத்தில் சர்வரின் கிரானே வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு வம்பு, வெட்டுவது. கட்டணமில்லாக் கணக்குக்கு எக்ஸில் எல்லை 280 குறி. சுட்டி எவ்வளவு நீளமானாலும் 23 தான். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, எக்ஸுக்கு ஐந்து (துணைக்குறியும் புள்ளியும் தனித்தனி), எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 15 பைட். பிஎச்பியின் ‘சப்ஸ்டர்’ பைட்டில் வெட்டி, உடைந்த எழுத்துக்குப் பதில் வரும் கேள்விக்குறி வைரத்தைத் (�) தரும். ‘எம்பி_சப்ஸ்டர்’ அதைத் தவிர்த்தாலும் புள்ளியை உதிர்த்து ‘தமிழ’ ஆக்கிவிடக்கூடும். எண்ணுவது யுனிகோட் குறிகளை, வெட்டுவது சொல் இடைவெளியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனிநபர் சுயவிவரத்தில் ஏபிஐ (பிற நிரல்களுக்கான வாசல்) வழியே இடும் வசதியை ஃபேஸ்புக் 2018 ஆகஸ்டில் மூடிவிட்டது. பக்கங்களுக்கு மட்டுமே அனுப்பலாம். டோக்கன் என்பது பகிர அனுமதிக்கும் சாவி. நீண்டகாலப் பயனர் டோக்கனுக்கு ஆயுள் 60 நாள். அதிலிருந்து பெறும் பக்க டோக்கனுக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் இணைத்தவர் கடவுச்சொல்லை மாற்றினால் செத்துவிடும். தற்காலிக ஊழியரின் கணக்கில் இணைக்க வேண்டாம். தோல்வியை லாகில் (பிழைகள் குறிக்கப்படும் கோப்பு) புதைக்காமல் பதிவின் பக்கத்திலேயே காட்டுங்கள்.

சுட்டியோடு தெரியும் முன்னோட்டப் படம் 1200×630 பிக்சல் இருக்கட்டும். பகிர்ந்தபின் படத்தை மாற்றினால் ஃபேஸ்புக் பழையதையே காட்டும். அதன் ஷேரிங் டீபக்கர் கருவியில் சுட்டியைக் கொடுத்து மறுபடி படிக்கவைக்க வேண்டும்.