யார் சொன்னது, ஏன் சொன்னார்? செமான்டிக் விக்கியில் தேவைகளைச் சேர்ப்பது

ஒரு சின்ன மருத்துவமனையின் மருந்தகத்துக்கு மென்பொருள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது என்ன செய்ய வேண்டும் என்று, அதாவது தேவை என்ன என்று, மருந்தாளுநர் ஒன்று சொல்வார், கணக்குப் பிரிவு வேறொன்று சொல்லும். வேர்டு கோப்பில் இரண்டும் நாற்பது பக்க இடைவெளியில் கிடக்கும். மோதல் கண்ணில் படாது. செமான்டிக் மீடியாவிக்கி இதற்குத்தான் உதவும். விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளுக்கான நீட்சி (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) இது, பக்கத்தில் எழுதுவதைத் தேடி அட்டவணையாக்கக்கூடிய தரவாகவும் சேமிக்கும். 2005இல் வந்தது, இலவசம்.

முதலில் மீடியாவிக்கியைத் தமிழ் மொழி அமைப்போடு நிறுவுங்கள். அப்புறம் கம்போசர் (Composer) என்ற நிறுவும் கருவி வழியாக நீட்சியைச் சேருங்கள். இது தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அரை நாள் வேலைகூட இல்லை.

அடுத்து, பண்புகள், அதாவது ஒவ்வொரு தேவையிலும் குறிக்கும் விவரங்களின் பெயர்கள். முதல் நாளே இருபது பண்பு வேண்டாம், நான்கு போதும்: பொருள், சொன்னவர், நாள்கள், காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் திறந்து அதன் வகையைக் குறிக்க வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். வகை சொல்லாவிட்டால் விக்கி எல்லாவற்றையும் 'பக்கம்' என்றே எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய காரணம் முழுவதும், இல்லாத பக்கத்தைக் காட்டும் ஒரு நீளமான சிவப்பு இணைப்பாக நிற்கும். காரணத்துக்கு 'Text' (உரை), நாள்களுக்கு 'Number' (எண்). மற்ற இரண்டும் பக்கமாகவே இருக்கட்டும்.

இப்போது ஒரு தேவைக்கு ஒரு பக்கம். மருந்தாளுநர் சொன்னதை இப்படி எழுதலாம்:

[[பொருள்::காலாவதி எச்சரிக்கை]] [[நாள்கள்::90]] நாளுக்கு முன்பே வர வேண்டும். சொன்னவர்: [[சொன்னவர்::மருந்தாளுநர்]]. காரணம்: [[காரணம்::அப்போதுதான் மொத்த வியாபாரி சரக்கைத் திருப்பி எடுப்பார்]]. [[பகுப்பு:தேவை]]

படிப்பவருக்கு இது சாதாரண வாக்கியம். விக்கிக்கோ அட்டவணையின் ஒரு வரி. 

பத்துப் பக்கம் சேர்ந்ததும் சிறப்புப் பக்கங்களில் உள்ள செமான்டிக் தேடல் படிவத்துக்கு (Special:Ask) போங்கள். நிபந்தனைப் பெட்டியில்:

[[பகுப்பு:தேவை]] [[பொருள்::காலாவதி எச்சரிக்கை]]

காட்ட வேண்டியவை:

?சொன்னவர்
?நாள்கள்
?காரணம்

மருந்தாளுநர் 90, கணக்குப் பிரிவு 30 என்று அடுத்தடுத்த வரிகளில் வந்து நிற்கும். சரி, யார் சொன்னது சரி? காரணத்தைப் பாருங்கள். கணக்குப் பிரிவின் பக்கத்தில் 'மாதக் கணக்கில் நஷ்டம் எழுத' என்று இருக்கிறது. இரண்டும் மோதவே இல்லை. தேவைப்படுவது இரண்டு தனித்தனி எச்சரிக்கைகள். காரணம் என்ற பண்பைச் சேர்க்காமல் விட்டிருந்தால், இருவரையும் உட்கார வைத்து 60 என்று பேரம் முடித்திருப்போம்.