டபுள் குரோஷே: வரிசை திரும்பும்போது மூன்று சங்கிலி வேண்டுமா?

குரோஷேயில் (கொக்கி ஊசியால் போடும் பின்னல்) ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது, அடுத்த வரிசையின் உயரத்துக்கு ஏறச் சில சங்கிலி (நூலை வளையத்துக்குள் இழுத்துப் போடும் எளிய கண்ணி) போடுவோம். குட்டையான சிங்கிள் கண்ணிக்கு ஒன்று, அதைவிட உயரமான ஹாஃப் டபுளுக்கு இரண்டு, இன்னும் உயரமான டபுளுக்கு மூன்று என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். (பழைய பிரிட்டிஷ் முறைப் புத்தகம் வைத்திருந்தால் அதில் டபுள் என்று இருப்பது இங்கே நான் சொல்லும் சிங்கிள், பார்த்துக்கொள்ளுங்கள்.) கணக்கு தப்பில்லை, ஆனால் கைக்குக் கை மாறும். தளர்வாகப் போடுகிறவருக்கு அந்த மூன்று ஓரத்தில் புடைத்து நிற்கும், இறுக்கிப் போடுகிறவருக்கு அதுவே பத்தாமல் ஓரத்தை இழுக்கும். சித்திரை வெயிலில் விரல் வியர்த்து நூல் ஒட்ட ஆரம்பித்தால் ஒரே ஆள் காலையில் போட்டதும் மத்தியானம் போட்டதும்கூட ஒன்றாக இருக்காது.

மூன்று சங்கிலியை ஒரு டபுளாக எண்ணுவது எனக்குப் பிடிக்காது. சங்கிலி டபுளைவிட ஒல்லி, பக்கத்தில் ஓட்டை விழும். அதோடு அடுத்த வரிசை முடிவில் அதன் உச்சிக் கண்ணியில் ஒரு டபுள் போட்டாக வேண்டும். மறந்தால் விரிப்பு மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். வாசல் தோரணம் மாதிரி ஓட்டையே அழகாக இருக்கும் வேலைக்கு மட்டும் மூன்று போடுவேன்.

மற்றதுக்கெல்லாம் இரண்டு சங்கிலி, அதை எண்ணுவதே இல்லை. திரும்பியதும் முதல் கண்ணியிலேயே முதல் டபுள், முடிவில் கடைசி டபுளின் தலையில் போட்டதும் நிறுத்திவிடலாம், சங்கிலியைத் தொட வேண்டாம்.

ஓரம் இன்னும் நேராக வேண்டுமென்றால் சங்கிலியே போடாதீர்கள். திரும்பி, முதல் கண்ணியில் ஒரு சிங்கிள் போடுங்கள். அந்தச் சிங்கிளின் இடது பக்கம் செங்குத்தாக ஓர் இழை தெரியும், அதற்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும், மறுபடி நூல் சுற்றி இரண்டுக்குள்ளும் இழுத்துவிடுங்கள். சிங்கிள் மேல் சிங்கிள் ஏறி டபுள் உயரத்துக்கு வந்துவிடும், இதை ஒரு கண்ணியாக எண்ண வேண்டும். இடது கைக்காரர்களுக்கு அந்த இழை வலது பக்கம்.

பழகும்போது தடித்த காட்டன் நூலும் 3.5 மி.மீ. ஊசியும் போதும். வெளிர் நிறமாக வாங்குங்கள். சுங்குடிச் சேலை மெரூனைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த இழை கண்ணுக்கே தெரியாது. 15 கண்ணியில் ஐந்தாறு வரிசை ஒவ்வொரு முறையிலும் போட்டு, மேஜையில் விரித்து ஓரத்தைப் பாருங்கள். துணியை எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் சரி, எல்லா வரிசையிலும் அதே பக்கமாகத் திருப்புங்கள்.

அப்புறம் சுற்றிலும் பார்டர் போடும்போது ஒரு டபுள் வரிசைக்கு இரண்டு சிங்கிள் என்று வையுங்கள். ஊசியை எண்ணாத சங்கிலிக்குள் விடாமல் டபுளின் உடம்பிலேயே குத்தினால் அந்த இரண்டு சங்கிலியும் பார்டருக்குள் மறைந்துவிடும்.