ஏற்றத்தாழ்வைப் படிக்க வரும் இளம் ஆய்வாளர்களிடம் நாம் செய்யக்கூடாதவை

காலை பத்தரை மணி. கையில் படிவக் கட்டும் பிபி கருவியுமாக ஒரு காலனித் தெருவில் என் முதுகலை மாணவி நிற்கிறார். பன்னிரண்டு வீடுகளில் எட்டு பூட்டிக் கிடக்கின்றன. நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். கல்லூரி ஜீப்போ நாலு மணிக்கே கிளம்பிவிடும். திண்ணையில் இருந்த பாட்டிகளிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தார். அவருக்குக் கைடு நான்தான், தவறும் என்னுடையதுதான். சர்க்கரை, பிபி மாத்திரை யாருக்கு எட்டவில்லை என்று தேடப் போன ஆய்வில், அந்த ஆட்களே விடுபட்டுப் போனார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவிய சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பான இண்டியாப் ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அந்தச் சராசரியைப் பிரித்து, எந்தத் தெருவில் யார் சிகிச்சை இல்லாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இந்த இளம் ஆய்வாளர்களுடைய வேலை. அதை நம் அலுவலக நேரத்துக்குள் அடைக்கக் கூடாது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வண்டி வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும். இதைத் திட்டத்திலேயே எழுதி வாங்கிக் கொடுப்பது கைடின் பொறுப்பு.

அடுத்தது கேள்வித்தாள். பழைய ஆய்வேட்டில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். 'மாத்திரையை ஏன் ஒழுங்காகப் போடுவதில்லை?' என்று கேட்டு, மறதி, அலட்சியம், விழிப்புணர்வு இல்லை என்று மூன்று கட்டம் போட்டிருப்பார்கள். மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பதற்குக் கட்டமே இல்லை. அப்புறம் முடிவில் 'அறியாமை' என்று வரும், பரிந்துரையில் விழிப்புணர்வு முகாம் வரும். படிவம் தயாரிக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் மாணவர் ஒரு காலைப்பொழுது உட்காரட்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் குப்பியைத் தண்ணீர்ப் பானைக்குள் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வருவார். எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை. 'எத்தனை முடிந்தது?' என்பதற்கு முன் 'என்ன பார்த்தீங்க?' என்று நாம் கேட்டால்தான் அது வெளியே வரும்.

'சாதியைக் கேட்காதே, வம்பு' என்று தடுப்பது இன்னொன்று. குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க நம் ஆய்வேடுகளில் வழக்கமாக வருபவை இரண்டு. குப்புசாமி அளவுகோல் படிப்பு, தொழில், வருமானத்தைப் பார்க்கும். பி.ஜி. பிரசாத் அளவுகோல் தலைக்கு இவ்வளவு என்று வருமானத்தை மட்டும் பார்க்கும். சாதி இரண்டிலும் கிடையாது. தேசிய குடும்ப நல ஆய்வே வீடு வீடாகக் கேட்கும்போது நம் மாணவர் ஏன் கேட்கக் கூடாது? பக்குவமாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் போதும். அந்தச் சமூகத்திலிருந்தே வந்த மாணவர் என்றால், 'உங்க ஆளுங்கதானே' என்று முழுச் சுமையையும் அவர் தலையில் போடவும் கூடாது.

வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால் ஒருவருக்கு பிபி 200/120, ஆபத்தான அளவு. என்ன செய்வது என்று தெரியாமல் எண்ணைக் குறித்துக்கொண்டு நகரும் நிலையில் ஒரு மாணவரை விடவே கூடாது. எந்த மருத்துவமனை, யாருக்குப் போன் போட வேண்டும், யார் அழைத்துப் போவது என்பதெல்லாம் முதல் நாளே கையில் இருக்க வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கி, வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அப்படியும் பட்டியலுக்கு வெளியே நிற்பவர் இவர் என்றால், அங்கேதான் உண்மையான ஆய்வுக் கேள்வி இருக்கிறது.

'இந்தத் தலைப்புக்கு நிதி வராது, வேறு எடு' என்பதும் நாம் அடிக்கடி சொல்வது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் கறுப்பின ஆய்வாளர்களுக்கு நிதி குறைவாகக் கிடைப்பதை 2019இல் ஆராய்ந்தார்கள். அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்விலிருந்தே வந்தது. சமூகம், ஏற்றத்தாழ்வு போன்ற தலைப்புகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தார்கள், அவற்றுக்கு நிதி குறைவாகக் கிடைத்தது. சிரமம் உண்மைதான். ஆனால் அதற்காக மாணவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவரோடு உட்கார்ந்து நிதி விண்ணப்பத்தை நாலு முறை திருத்திக் கொடுக்க வேண்டும்.

பயணப்படியையும் முன்பணமாகவே கொடுங்கள். பில் வைத்தால்தான் காசு என்கிறோம். ஷேர் ஆட்டோக்காரர் எங்கே பில் தருவார்? உதவித்தொகையே மாதக்கணக்கில் தாமதமாகும்போது, கடைசிக் கிராமத்துக்குப் போகும் அறுபது ரூபாயை யோசித்துத்தான் பல பிள்ளைகள் மெயின் ரோட்டு ஊரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.