பொத்தானை எண்ணச் சொல்லுங்கள்: தலை ஸ்கேனில் பிள்ளையின் கண்ணைக் காப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் சீவியவர் மகள் நான். இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் அறையில் வேலை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் படுக்க வைத்திருக்கிறேன். புதிதாக வரும் தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை எழுதுகிறேன், அம்மாமாரும் படியுங்கள்.

எக்ஸ்ரே கதிருக்குச் சீக்கிரம் கெடுபவற்றில் ஒன்று கண்ணின் லென்ஸ். கண்புரை வரக்கூடிய கதிர் அளவை 2011-இல், கதிர்ப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐ.சி.ஆர்.பி. 0.5 கிரே, அதாவது 500 மில்லிகிரே, என்று இறக்கியது. கண் நேராக அகப்பட்டால் ஒரு ஸ்கேனில் சில பத்து மில்லிகிரே விழும். ஒரு தடவைக்குப் பயப்பட வேண்டாம். மூளையில் நீர் கோத்து, அதை வடிக்கும் குழாயான ஷண்ட் வைத்த பிள்ளைக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் அது சேர்ந்துகொண்டே போகும்.

வேலை பழகிய நாளில் ஐந்து வயதுப் பையனை அவசரமாக எடுத்தேன். மோவாய் மேலே தூக்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் லென்ஸோடு படத்தில் விழுந்திருந்தன. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

மல்லாந்து படுத்தால் மோவாய் தானாக மேலே போகும். பின்தலைக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள். "ஐயா, சட்டையில எத்தனை பொத்தான்? எண்ணிச் சொல்லுப்பா" என்று கேளுங்கள். மோவாய் நெஞ்சுப் பக்கம் இறங்கும். புருவ மேட்டிலிருந்து காதுத் துளைக்குப் போகும் கோடு மேசைக்குச் செங்குத்தாக வந்ததும் நெற்றிப் பட்டையைக் கட்டுங்கள். தலை மெஷின் வளையத்தின் நடுவில் இருக்கட்டும். முதலில் எடுக்கும் முன்னோட்டப் படத்தில் (ஸ்கவுட்), ஸ்கேன் எல்லைக்கு வெளியே கண்குழி நிற்கிறதா என்று பார்த்து, மண்டையோட்டின் அடியிலிருந்து உச்சிவரை மட்டும் எடுங்கள். பெரியவருக்கான கதிர் அளவு வேண்டாம், மெஷினில் பிள்ளைக்கென்று உள்ள அளவுதான் (புரோட்டோகால்).

கழுத்தில் அடி என்ற சந்தேகம் இருந்தால் தலையைத் தொடாதீர்கள்; சாயக்கூடிய மெஷினானால் வளையத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கண்குழி எலும்பையே பார்க்க வேண்டிய பிள்ளைக்கு இது பொருந்தாது. கண்மேல் வைக்கும் பிஸ்மத் உலோக மறைப்பை நான் விரும்புவதில்லை, படத்தில் கோடு விழும். முகப் பக்கம் மட்டும் கதிரைக் குறைக்கும் வசதி மெஷினில் இருந்தால் அதைப் போடுங்கள்.

பிள்ளை ஆடினால் மறுபடி எடுக்க வேண்டிவரும், கதிரும் இரட்டிப்பாகும். அப்பா ஈய ஏப்ரன் போட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், கர்ப்பமான அம்மா வெளியே இருக்கட்டும். கம்மல், ஹேர்பின்னை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

அம்மாமாரே, டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "ஸ்கேன் இப்பவே வேணுமா, கொஞ்ச நேரம் வச்சுப் பார்க்கலாமா?" வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் ஸ்கேன் படம் பதிந்த குறுந்தட்டையும் கையோடு கொண்டுபோங்கள், மறுபடி எடுக்காமலிருக்க அங்கே முதலில் அதைக் காட்டுங்கள்.